பேனர் கட்டாத மைதானம்

கேட்ட அன்று மறுத்தேன் என்று சொல்ல முடியாது. "பார்ப்போம் அண்ணே" என்றுதான் சொன்னேன். பலர் இதையே கேட்டுவிட்டீர்கள், அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஜெசிந்தா அக்காவின் படம் போட்ட பெரிய பேனர் ஒன்றை இந்த வருட இசைநாளில் மைதானத்து வாசலில் கட்ட வேண்டும் என்று அவருடைய கணவர் அருள் அண்ணன் கேட்டது உண்மை. நான் அன்று சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மைதானத்தில் பேனர் கூடாது என்று விதி வைத்தவரே ஜெசிந்தா அக்காதான்.

செய்தி வந்த காலையில் சுங்கை பட்டாணியில், நான் பாடம் நடத்தும் டியூஷன் நிலையத்தின் முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். பஷீர் அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு. இசைநாளுக்குச் சமைத்துத் தருகிறவர். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"மா, ஜெசிந்தா போயிட்டாமா. கிளினிக்குல நம்பர் கூப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே அப்படியே சாஞ்சிட்டாளாம். தலையில ரத்தக் குழாய்னு சொல்றாங்க. கேட்டதும் கூப்பிடு."

பின்னால் ரொட்டி மாவைத் தட்டுகிற சத்தம். பதிவை நிறுத்த மறந்துவிட்டார். அடுத்து யாரிடமோ, "தே தாரெக் ரெண்டு, ஒண்ணு இனிப்புக் கம்மி" என்கிறார். நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் தேநீர் வரைக்கும் கேட்டேன். ஏன் என்று தெரியவில்லை. தேநீர் வருகிற இடத்தில் அது இன்னும் நடக்காத விஷயம்போல இருந்தது.

ஜெசிந்தா அக்காவுக்கு நாற்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. தனியார் கிளினிக் ஒன்றின் பதிவு முகப்பில் வேலை. வீடு புக்கிட் செலம்பாவில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவார். சுதி கொஞ்சம் விலகும், அதை மற்றவர்கள் சொன்னால் "ஆண்டவருக்குத் தெரியும்லா, நீ உன் வேலையப் பாரு" என்பார். சிடாம் கிரிப் பக்கத்தில், ரப்பர் மரங்களை ஒட்டிய ஒரு தோட்டத்து மைதானத்தில், வருடத்துக்கு ஒருநாள் பாட்டும் மேளமுமாக நடக்கும் இசைநாளைத் தொடங்கியவர். உருமி மேளம், தேவாலயப் பாடகர் குழு, பள்ளிவாசல் இளைஞர்களின் தஃப், யாராவது ஒருவர் கிடார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "யூனிவர்சிட்டி, இங்க வா" என்பார். கூட்டத்தின் நடுவில், உரத்து.

சுற்றுச்சூழல் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் அதை வைத்து அறிக்கை ஒன்று எழுதிக்கொண்டு போனேன். பாதி படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எனக்கு மரம் மட்டை மேல எல்லாம் பெருசா பாசம் இல்லமா. பொய் சொல்லக் கூடாது. மறுநாள் காலையில பெருக்கறது யாரு? பெருக்கினத எங்க கொண்டு போறாங்க? அத எழுது."

எங்கே கொண்டு போகிறார்கள் என்பது தோட்டத்தில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரி தோட்டத்துக்குள் வராது. விழா முடிந்த மைதானத்தைத் தோட்டத்துப் பெண்கள் பெருக்குவார்கள். போலிஸ்டிரின் பெட்டி, பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல், மேடைக்குப் பின்னால் கிழிந்த பேனர், எல்லாம் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க்குப் போகும். அங்கே எரியும். கறுப்புப் புகை நேராக மேலே போவதில்லை. அடுப்படி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். எந்த விழாவாக இருந்தாலும் கடைசியில் அந்தப் பின்வரிசை வீடுகளுக்குள்தான் முடிகிறது. ஜெசிந்தா அக்கா பிறந்தது அப்படி ஒரு பின்வரிசை வீட்டில்.

"உள்ள வர்றது எல்லாம் வெளிய போகணும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே கொள்கை. அதை விளக்கச் சொன்னால் எரிச்சல் படுவார்.

நான் முதன்முதலாகப் போன வருடம், பொழுது சாய்கிற நேரம். ஜென்செட் கடைசி வீட்டின் பின்சுவரை ஒட்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தையின் மூக்கைச் சேலையால் மூடியிருந்தாள். தேவனின் உருமிக் குழு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஜெசிந்தா அக்கா நேராகப் போய் ஜென்செட்டை அணைத்துவிட்டார். விளக்கு, மைக், எல்லாம் போயிற்று.

"அக்கா! என்னக்கா இது, நாங்க வாசிச்சிக்கிட்டு இருக்கோம்!"

"வாசிடா தேவா. யாரு வேணாம்னா? உருமிக்கு எதுக்குடா மைக்கு, அது என்ன வெக்கப்படுதா?"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நிறையப் பேர் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பேர் கிட்டே வந்து வட்டமாக நின்றார்கள். அந்தப் பத்தடி தூரத்தில் உருமி எப்படிக் கேட்டது என்பதை என்னால் இன்றும் சரியாக எழுத முடியவில்லை. ஆனால் அடுத்த வருடம் தேவன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவமானம். அக்கா மன்னிப்புக் கேட்கவுமில்லை. இசைநாளைப் பகலுக்கு மாற்றினார். நிழலுக்காக மேடையை ரப்பர் மர ஓரத்துக்குக் கொண்டு போனார். இருட்டுவதற்குள் முடிந்துவிடும், ஆகவே விளக்கும் வேண்டாம், ஜென்செட்டும் வேண்டாம். கோயில் மண்டபத்திலிருந்து இழுத்த ஒரு கம்பி போதும். வெயிலில் யார் வருவார் என்று எல்லாரும் திட்டினோம். அதற்கு அடுத்த வருடம் தேவனே வந்தான். "வெயில்ல தோலு நல்லா இறுகும்க்கா. மைக்கே வேணாம்" என்றான், தானே கண்டுபிடித்ததைப்போல. அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காத சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

டம்ளர் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று முடிவானதும் எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். குடித்துவிட்டுத் தொட்டியில் போட்டால் பஷீர் அண்ணனின் ஆட்கள் கழுவி அடுக்குவார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்பதற்காக, அக்காவின் யோசனைப்படி, ஒவ்வொரு டம்ளரிலும் "தோட்ட இசைநாள்" என்று பெயர் வெட்டினோம்.

பெயர் வெட்டிய பாத்திரத்தை நம்மவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? கல்யாணத்தில், காதுகுத்தில், புதுமனையில். பெயர் வெட்டிக் கையில் கொடுத்தால் அது வீட்டுக்கு. மதியத்துக்குள் தொட்டி காலி. நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா, கைப்பையில் ஐந்தாறு டம்ளர் கிலுகிலுக்க, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. எங்க வீட்டு ஆளுங்க எல்லாத்துக்கும் குடுத்திருக்கீங்க. கல்யாண வீட்டுல கூட இப்ப பிளாஸ்டிக்குதான் குடுக்கறானுங்க. இதுக்கு மூடி தனியா இருக்கா?"

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். நான் பஷீர் அண்ணனைப் பார்த்தேன்.

"மூடி இல்லம்மா" என்றார் அக்கா. "அடுத்த வருஷம் பாக்கலாம்."

அந்த அம்மா போனபின் பஷீர் அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொலையக் கூடாதுன்னு பேர் போட்டியே ஜெசிந்தா! தொலையல பாரு. பத்திரமா எல்லார் வீட்டு அலமாரியிலயும் இருக்கும்."

அடுத்த வருட அறிவிப்பில் அக்கா ஒரு வரி சேர்த்தார்: "சென்ற ஆண்டு நாங்கள் அன்பளிப்பாகத் தந்த டம்ளரோடு வரவும்." அன்பளிப்பு! வந்தார்கள். எல்லாரும் இல்லை, நிறையப் பேர். சொந்த டம்ளர் என்பதால், இதற்கு முன்னால் யார் வாய் வைத்தது என்ற முணுமுணுப்பும் இல்லை. தவறாகப் புரிந்துகொண்டவர்களை அவர் திருத்தவில்லை. அவர்கள் புரிந்துகொண்டதை உண்மையாக்கிவிட்டார்.

இப்படி எழுதும்போது அவர் எப்போதும் ஜெயித்தவர்போலத் தோன்றுகிறது. இல்லை.

பேனர் விதி அப்படித்தான் அடி வாங்கியது. ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகம், பெயர் வேண்டாம், கூடாரம் முழுவதும் நாங்கள் தருகிறோம் என்று முன்வந்தது. வாசலிலும் மேடையிலும் அவர் படம் போட்ட பேனர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜெசிந்தா அக்கா மறுத்தார். அந்த வருடம் மழை. தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகள் நனைந்தபடி கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். தஃப்களின் தோல் ஊறிப்போயிற்று. ஒரு தகப்பன் அக்காவின் முகத்துக்கு நேரே கத்தினார்: "ஒரு துண்டு பிளாஸ்டிக்கு தொங்கினா உனக்கு என்ன கெட்டுப் போச்சு? எம்பிள்ள நனையுதுலா!" அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவுக்கும் அது தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, நனையுது" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் பேனர் இல்லை. யாருடையதும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அருள் அண்ணன் என்னை வீட்டுக்கு அழைத்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

"இந்த ரோட்டுல போறப்ப வர்றப்ப பாக்கறேன்மா. எல்லார் மூஞ்சியும் தொங்குது. தீபாவளி வாழ்த்து சொல்றவன், ஒண்ணுமே சொல்லாதவன், எல்லாரும். அவ இத்தன வருஷம் ஓடினா. ஒரு போட்டோவுக்கு நிக்க மாட்டா. அவ மூஞ்சி ஒருநாளு தொங்கட்டுமே."

துணியில் எழுதலாமே என்றேன். கூலிம் டவுனில் துணிப் பேனர் எழுதுகிறவர் ஒருவர் இன்னும் இருக்கிறார்.

"துணியில எழுதினா மழையில கலைஞ்சி போயிரும்மா. அவ கலைஞ்சி போனது பத்தாதா?"

மக்காது, அழியாது, எத்தனையோ தலைமுறைக்கு அப்படியே கிடக்கும் என்று நாங்கள் மேடையில் பயமுறுத்தியதெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. அதனாலேயே பிளாஸ்டிக் பேனர் வேண்டியிருந்தது.

"பார்ப்போம் அண்ணே" என்றேன்.

பஷீர் அண்ணனிடம் கேட்டேன். "கட்டினா என்னமா? அவளுக்குத்தானே? அவ என்ன எழுந்து வந்து கழட்டவா போறா?" என்றார். பிறகு கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "வருவா. அவ வந்தாலும் வருவா."

அதற்குள் அந்த மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்திலிருந்தே அழைத்துவிட்டார்கள். அனுதாபம் சொன்னார்கள். நல்ல குரல். "அக்காவுக்கு பேனர் வைக்கறீங்கன்னு கேள்விப்பட்டோம், ரொம்ப நல்லது. பக்கத்துல எங்களோட இரங்கல் பேனர் ஒண்ணு, கூடாரமும் தர்றோம்." அக்காவின் பேனர் ஏறினால் விதி இறங்கும். முதலில் இரங்கல், அடுத்த வருடம் வாழ்த்து. பிறகு கால்வாய், புகை, அடுப்படி ஜன்னல். ஏறாவிட்டால் அருள் அண்ணனின் முகம். அக்கா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிப்பதில் பயன் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. ஆனாலும் யோசித்தேன். வகுப்பில் பலகையைப் பார்த்து நிற்கும்போதும், சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடிக்கும்போதும்.

யோசித்ததில் செர்டாங் அம்மாதான் மறுபடி மறுபடி வந்தார்.

ஒரு வருடம் இசைநாளுக்கு அவர் செர்டாங்கிலிருந்து கார் நிறையத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிக்கொண்டு வந்தார். மகன் காய்ச்சலில் கிடந்து பிழைத்திருக்கிறான். ஜனம் கூடுகிற இடத்தில் தண்ணீர் கொடுப்பதாக வேண்டுதல். அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "போத்தல் உள்ள விட முடியாதும்மா."

"நான் வேண்டிக்கிட்டது தண்ணி. நீ குப்பைன்னு சொல்ற" என்றார் அந்த அம்மா. அழுதுகொண்டே காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அக்கா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். எங்கே என்று சொல்லவில்லை. செர்டாங் வரை ஓட்டினார், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. அக்கா வெயிலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது.

"போத்தல் வேணாம்னு சொன்னது சொன்னதுதான்மா" என்று ஆரம்பித்தார், உட்காருவதற்கு முன்பே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உங்க தண்ணி வேணாம்னு நான் சொல்லல. அத அன்னைக்கி வெளக்கமா சொல்லத் தெரியல. தம்பி எங்க? கூப்பிடுங்க, பாப்போம்."

பையன் வந்தான். பள்ளிச் சட்டையோடு, மெலிந்து. அக்கா அவனிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். அவன் சொன்ன பாட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொன்னார். அந்த அம்மா முதன்முறையாகச் சிரித்தார்.

"அப்ப நான் எப்படித்தான் குடுக்கறது?"

"அண்டா எங்களுது. தண்ணி உங்களுது. நீங்களே கரண்டிய புடிச்சி மொண்டு ஊத்துங்க. போத்தல்னா மூடியத் திருகிட்டு போயிருவான், உங்க மூஞ்சியக்கூட பாக்க மாட்டான்."

திரும்பி வரும்போது, இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"வேணாம்னு சொல்றத வாசல்ல நின்னு சொல்லலாம், யூனிவர்சிட்டி. சொன்னதுக்கப்புறம் அவங்க வீட்டுக்குப் போகணும். போகலன்னா நீ சொன்னது விதி இல்ல. திமிரு."

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள். அவருடைய சத்தம், அவருடைய சுதி, சிலர் அலமாரியில் ஒரு டம்ளர். நான் இதை வைத்துக்கொள்கிறேன்: மறுத்த வீட்டுக்குப் போவது. எனக்கு அது சுலபமாக வரவில்லை. மறுப்பதே வரவில்லை.

நேற்று மாலை புக்கிட் செலம்பாவுக்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "மைதானத்துல பேனர் வேணாம் அண்ணே. அக்காவுதும் வேணாம்."

அருள் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவ மூஞ்சிய யாரும் பாக்க வேணாம்ங்கற."

"மைதானத்துல வேணாம்ங்கறேன்."

உள்ளே போனார். வரமாட்டார் என்று நினைத்தேன். தோளில் ஒரு சுருளோடு வந்தார். ஏற்கெனவே அச்சடித்துவிட்டிருந்தார். கூடத்தில் விரித்தார், கூடத்தின் நீளம் போதவில்லை, பாதி சுருளிலேயே இருந்தது. ஏதோ ஒரு கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது. ஓரத்தில் யாருடைய தோளோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா யாரையோ திட்டப்போகிற முகம். அது சரியான படம்.

"இத இப்ப என்னா பண்றது?" என்றார்.

"உங்க வீடு ரோட்டப் பாத்துதானே இருக்கு. இங்க கட்டுங்கண்ணே. மைதானத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்த வழிதான்."

அது சரியா என்று எனக்குத் தெரியாது. இங்கேயும் அது அதே பிளாஸ்டிக்தான். வெயிலும் மழையும் தின்றபின் அது எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை; ஒருநாள் கேட்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. என்னைப் பத்தி கொஞ்சமா எழுது" என்றார். முடியவில்லை அண்ணே.

அவர் ஏணியில் ஏறினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்ததும் அங்கே வாசலில் நின்றபடியே அந்த அலுவலகத்துக்கு அழைத்தேன். மைதானத்தில் யாருடைய பேனருக்கும் இடமில்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை அவர்களை நேரில் வந்து பார்க்க நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.